பக்கத்து நாற்காலியில் ஒரு பிள்ளை



இந்த மாதம் ஒரு மேடை நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். நம்முடைய பத்திரிகையில் நாடகமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். திரையரங்கின் வாசலையும் நாடகக் கொட்டகையின் வாசலையும் மிதிப்பதில்லை என்று தீர்மானித்து வாழ்கிறவர்கள் நம்மில் அநேகர். அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. மேடையில் நடந்ததைவிட, மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தவர்களிடத்தில் நடந்ததே நமக்குப் பாடமாயிருக்கிறது. ஞாயிறுதோறும் நாமும் வரிசையாக நாற்காலிகளில் அமருகிறோம். நம்முடைய வரிசையிலும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளை இருக்கிறான். அல்லது சில மாதங்கள் வந்திருந்து, பிறகு வராமற் போய்விட்டான்.

லண்டன் மேடையில் 15 வயதுப் பையன்

மார்க் ஹாடன் என்ற ஆங்கில எழுத்தாளர் 2003ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், இராக்காலத்தில் ஒரு நாய்க்கு நேரிட்ட விநோதச் சம்பவம் எனலாம். சைமன் ஸ்டீஃபன்ஸ் அதை நாடகமாக எழுத, மரியான் எலியட் இயக்க, 2012ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து நேஷனல் தியேட்டரில் அது மேடையேறியது. 2013இல் இங்கிலாந்தின் ஒலிவியர் விருதுகள் ஏழும், நியூயார்க் நகரத்துக்குச் சென்றபின் 2015இல் டோனி விருதுகள் ஐந்தும் அதற்குக் கிடைத்தன.

கதையின் நாயகன் கிறிஸ்டோபர். ஸ்விண்டன் என்னும் ஊரில் தகப்பனோடு வாழ்கிறான். கணக்கில் மகா கெட்டிக்காரன். பொய் சொல்ல அவனால் இயலாது. யாராவது தொட்டால் தாங்கமாட்டான். கூட்டமும் இரைச்சலும் அவனை நிலைகுலையச் செய்யும். ஒரு நாள் இரவு அடுத்த வீட்டு நாய் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கக் கண்டு அதனருகே அமர்ந்துவிடுகிறான். அங்கே வந்த போலீஸ்காரர் அவனைப் பிடித்துத் தூக்க முயல, அவன் அடித்துவிடுகிறான். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். நாயைக் கொன்றது யார் என்று தேடப் புறப்பட்டவன், இறந்துபோனாள் என்று தகப்பன் சொல்லியிருந்த தன் தாய் உயிரோடிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். தனியாக ரயிலேறி லண்டனுக்குப் போகிறான்.

ஆட்டிசம் என்ற சொல் இந்தக் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆனாலும் பார்த்த யாவரும் அந்தப் பையனை அப்படியே அடையாளம் கண்டுகொண்டார்கள். தமிழில் இதனை மதியிறுக்கம் என்று சொல்லுகிறார்கள். இது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பேச்சிலும், பிறரோடு பழகுவதிலும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணருவதிலும் அது வெளிப்படுகிறது. சிலர் நன்றாகப் பேசுவார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. அப்படியானால் 250 பேர் கூடும் ஒரு சபையில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். அவர்கள் எங்கே என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுவோம்.

பார்த்தவர்கள் அடைந்த உணர்வு

அந்த நாடகத்தின் சிறப்பு, பையனை வெளியிலிருந்து காட்டாமல், அவனுடைய செவிகளாலும் கண்களாலும் உலகத்தைக் காட்டியதுதான். அவன் லண்டன் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். அறிவிப்புகள், விளம்பரப் பலகைகள், எழுத்துகள், காலடிச் சத்தங்கள் யாவும் ஒரே நேரத்தில் ஒளியாகவும் இடிமுழக்கம் போன்ற ஒலியாகவும் அரங்கத்தின்மேல் வந்து விழுகின்றன. நாற்காலியில் சுகமாய் அமர்ந்திருந்தவர்கள் அந்தப் பாரத்தைத் தங்கள் சரீரத்திலேயே உணர்ந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டு கிடக்கும் பிள்ளை அடம்பிடிக்கிறவன் அல்ல, அவனுக்கு அது மெய்யாகவே தாங்கமுடியாத வேதனை என்பது அவர்களுக்கு விளங்கியது. எத்தனையோ பிரசங்கங்களும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் புரியவைக்க முடியாததை அந்த ஒரு காட்சி புரியவைத்தது.

அரங்கத்தில் சிரிப்பும் எழுந்தது. பிறர் சொல்லும் உவமைகளைக் கிறிஸ்டோபர் அப்படியே பொருள்கொள்ளும்போது கூட்டம் சிரிக்கிறது. அதைக் குறித்து இரண்டு வித எண்ணங்கள் உண்டாயின. அவனுடைய நேர்மையில் மகிழ்ந்து சிரிக்கிறோம் என்றார்கள் சிலர். தங்களை வேடிக்கைப் பொருளாக்கிச் சிரிக்கிறார்களோ என்று ஆட்டிசம் உள்ள சிலர் வருந்தினார்கள். ஆட்டிசம் என்றாலே கணக்கில் மேதை என்ற எண்ணத்தை இந்தக் கதை பரப்பிவிட்டது என்ற குறையும் சொல்லப்பட்டது. அந்தக் குறையில் நியாயம் உண்டு. அப்படிப்பட்ட அபூர்வத் திறமை எல்லாரிடமும் காணப்படுவதில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளப் பல ஆண்டுகள் பழகும் பிள்ளைகளும் உண்டு. மேதையாக இருந்தால்தான் நேசிப்போம் என்பது அன்பாகாது. ஆட்டிசம் உள்ளவர்களின் வேடத்தை அவர்களே ஏற்கக் கூடாதா என்ற கேள்வியும் எழுந்தது. 2017இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஆட்டிசம் உள்ள நடிகராகிய மிக்கி ரோ கிறிஸ்டோபராக நடித்தார்.

பெற்றோரைத் தொட்டது வேறொன்று. கிறிஸ்டோபரின் தாய் துன்மார்க்கமானவள் அல்ல. பொறுமை தீர்ந்துபோனவள். கடையில் மகன் தரையில் விழுந்து கதறும்போது சுற்றி நிற்பவர்களின் பார்வையைத் தாங்க முடியாமல் உடைந்துபோனவள். அவள் எழுதிய கடிதங்கள் மேடையில் ஒலிக்கின்றன. தகப்பனும் கொடியவன் அல்ல; பிள்ளைக்காக உழைக்கிறான், சமைக்கிறான், பிறகு பொய்யும் சொல்லிவிடுகிறான். இரவும் பகலும் ஒரு பிள்ளையைச் சுமந்து, உதவிக்கு ஒருவருமின்றித் தளர்ந்துபோன இரண்டு மனிதரை அந்தக் கதை நம்முன் நிறுத்துகிறது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு சபை இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்பதே என் உள்ளத்தில் எழுந்த கேள்வி.

அதே நகரத்தில் மற்றோர் அரங்கம்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நியூயார்க் நகரில் இந்த நாடகம் டோனி விருதுகளோடு வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தது. நடிப்பின் கிறிஸ்டோபருக்கு ஜனங்கள் கைதட்டினார்கள். அதே மாதம், அதே நகரத்தின் மற்றொரு அரங்கத்தில் 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகம் நடந்தது. அதில் ஒரு அடிமைப் பெண்ணைச் சவுக்கால் அடிக்க முற்படும் காட்சி உண்டு. அந்த வேளையில் பார்வையாளர் நடுவே இருந்த ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளை வீறிட்டான்.

அரங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் இங்கே கொண்டுவரவேண்டும் என்று சிலர் தாயை நோக்கிக் கடிந்துகொண்டார்கள். அவளோ பிள்ளையை வெளியே கொண்டுபோகப் போராடிக்கொண்டிருந்தாள். மேடையில் நின்ற கெல்வின் மூன் லோ என்ற நடிகர் இதைக் கண்டார். அன்று நாடகம் முடிந்தபின் அவர் அந்தத் தாயின் பட்சமாகப் பகிரங்கமாக எழுதினார். கூட்டத்தின் கோபத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார்; தாயைத் தைரியசாலி என்றார். அந்த எழுத்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது.

பிரியமானவர்களே, மேடையில் நடிக்கப்படும் துன்பத்துக்குக் கண்ணீர்விட்டவர்களுக்கு, பக்கத்து நாற்காலியில் உள்ள துன்பம் தொந்தரவாயிற்று. அந்த வெறுப்பு நியூயார்க்கில் மட்டும் உள்ளதல்ல. யோவான் 9ஆம் அதிகாரத்துப் பிறவிக் குருடனைப் பற்றிய பிரசங்கத்தில் உரக்க ஆமென் சொல்லிவிட்டு, பின்வரிசையில் ஒரு பிள்ளை கத்தினால் திரும்பிப் பார்த்து முறைக்கிறவர்கள் நம் நடுவிலும் உண்டு.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இரண்டு கூட்டங்களைக் காண்கிறோம். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்கள், ஆண்டவர் விசனமடைந்தார். பர்திமேயு கூப்பிட்டபோது பேசாதிருக்கும்படி அநேகர் அதட்டினார்கள். ஆண்டவர் நின்றார், அவனை அழைப்பித்தார். இரண்டு இடங்களிலும் அதட்டினவர்கள் ஆண்டவருக்கு மிக அருகில் நடந்தவர்களே.

நம்மைக் குறித்தும் தவறாகச் சொன்னார்கள்

பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் ஒன்றை மறக்கலாகாது. அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கிய நாளிலே, வெளியே நின்றவர்கள் சீஷர்களின் நடக்கையைப் பார்த்து, மதுவெறி என்று பரிகாசம் செய்தார்கள். பேதுரு எழுந்து, காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்று விளக்க வேண்டியதாயிற்று. வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளே நடப்பதைத் தீர்மானித்தார்கள், தவறாகத் தீர்மானித்தார்கள்.

அதற்கு வெகுகாலத்துக்கு முன்னே சீலோவிலே அன்னாளுக்கும் அதுவே நேர்ந்தது. அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஏலி அவளுடைய வாயைக் கவனித்துப் பார்த்து, வெறித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். தேவாலயத்தில் வழக்கமாகக் காணாத ஒரு நடக்கையை ஆசாரியனாலேயே சரியாக அறிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் அவள் தன் நிலையை எடுத்துச் சொன்னபோது, ஏலி உடனே கேட்டு, அவளைச் சமாதானத்தோடு அனுப்பினான். நாமும் அப்படிக் கேட்டுத் திருந்தக் கூடியவர்களாயிருப்போமாக.

கைகளை உதறும் பிள்ளை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளை, முகத்தைப் பாராமல் விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை — இவர்களைக் கண்டவுடனே அசுத்த ஆவி என்று சொல்லிவிடும் வழக்கம் நம் நடுவில் சில இடங்களில் உண்டு. இதன் விளைவு எவ்வளவு பயங்கரமாய் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லுகிறேன். ஹாடனின் நாவல் வெளிவந்த அதே 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு சிறிய சபையில், ஆட்டிசமுள்ள 8 வயதுச் சிறுவனைப் பிசாசு பிடித்தவன் என்று எண்ணி ஜெபம் செய்தார்கள். துணியால் சுற்றி, தரையில் கிடத்தி, ஊழியஞ்செய்த மனிதர் அவன்மேல் படுத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். பிள்ளை மூச்சடைத்து இறந்துபோனான். 2004இல் அந்த மனிதர் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அங்கே இருந்தவர்கள் கொலை செய்யக் கூடினவர்கள் அல்ல. அந்தத் தாய் உதவி தேடி வந்தவள். ஜெபம் செய்தவர்கள் அன்பாகவே செய்கிறோம் என்று எண்ணியிருப்பார்கள். தொடுதலே வேதனையாயிருக்கும் பிள்ளையைப் பலர் சேர்ந்து பிடித்து அமுக்கும்போது அவன் திமிறுவான், கதறுவான், கடிப்பான். அதைக் கண்டு, ஆவி எதிர்க்கிறது என்று இன்னும் இறுகப் பிடித்தால் முடிவு என்னவாகும்? கிறிஸ்டோபர் போலீஸ்காரரை அடித்த காட்சியை நினைத்துப் பாருங்கள். அவனை அறிந்தவர்கள் அதில் குற்றம் காணமாட்டார்கள்; அறியாதவர் கண்களுக்கோ அது முரட்டுத்தனம்.

ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபியுங்கள், கண்ணீரோடு ஜெபியுங்கள். தாய் தகப்பனுக்காகவும் ஜெபியுங்கள். பிள்ளையின் தலைமேல் கைவைப்பதற்கு முன்னே பெற்றோரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். அவன் விலகினால் கையை எடுத்துவிடுங்கள். கர்த்தர் கேட்பதற்கு நம் கையின் அழுத்தம் தேவையில்லை. ஜெபித்தபின் பிள்ளை மாறவில்லையென்றால், தாய்க்கு விசுவாசம் குறைவு என்ற பழியை மாத்திரம் அவள்மேல் சுமத்தாதிருங்கள்.

தாயின்மேல் பழி

இந்தப் பழி சபையில் தோன்றியது மட்டுமல்ல; படித்த மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அதைச் சுமத்தியது. 1943இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அதற்குப் பிற்பாடு, தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற கருத்து பரவியது. குளிர்ப்பெட்டி போன்ற தாய்மார் என்றே பெயர் வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தகப்பன், அந்தக் கருத்து ஆதாரமற்றது என்று எழுதினார். அது மறையப் பல ஆண்டுகள் ஆயின. இன்று மரபணுக்களின் பங்கு இதில் பெரிது என்று அறிவோம். தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளிவந்த கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, கர்ப்பகாலத்தில் தாய் செய்த பாவம், முன்னோர் சாபம் என்றெல்லாம் பேசி வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம். யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட கேள்வியை ஆண்டவர் யோவான் 9இல் ஏற்றுக்கொள்ளவில்லையே.

பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட பாரம் ஒன்று உண்டு. ஊரிலே பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் உண்டு. இங்கே வாடகை வீட்டில், பிள்ளை இரவில் கத்தினால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம். மருத்துவரிடம் போனால் தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பிள்ளையின் துயரத்தைச் சொல்லவேண்டும். இன்னும் ஒரு ஆபத்து: பிள்ளை பேசத் தாமதித்தால், வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ், அதனால் குழம்பியிருக்கிறான் என்று சொல்லி இரண்டு மூன்று வருஷங்களைக் கடத்திவிடுகிறோம். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. உங்கள் பிள்ளையோடு தமிழில் பேசுவதை நிறுத்தவும் தேவையில்லை. தாயின் உள்ளம் திறக்கும் மொழியில்தான் பிள்ளையின் உள்ளமும் திறக்கும். ஆனால் ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமை, பேசிய சொற்களையும் இழந்துபோதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. திருமுல்கேரியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், போயின்பள்ளியின் மனோவிகாஸ் நகரில், 1984இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த நிறுவனம் நைபிட் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இந்தியப் பிள்ளைகளின் ஆட்டிசத்தை அளவிட 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் உருவானது அங்கேதான்; அது 2009இல் வெளிவந்தது. நாடெங்கும் சான்றிதழ் வழங்க அது பயன்படுகிறது. பாண்டிச்சேரியிலும் பாட்னாவிலும் உள்ள மருத்துவர் எடுத்துப் பார்க்கும் அளவுகோல் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டமும் மாறியிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதை ஏற்றது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை செலவைப் பெறலாம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவை அணுகலாம். எங்களுக்குப்பின் இவனுக்கு யார் என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோருக்கு இவற்றைச் சொல்லுவதும் ஊழியமே. சபையில் படித்த வாலிபர் ஒருவர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, ஒரு நாள் விடுப்பெடுத்து அலுவலகத்துக்குக் கூடப் போனால், அது ஒரு மாத உபவாசத்துக்குக் குறைந்ததல்ல.

அரங்கங்கள் செய்ததைச் சபை செய்யாதா?

அந்த நாடக உலகத்தார் சும்மா இருந்துவிடவில்லை. 2011இல் நியூயார்க்கில் 'தி லயன் கிங்' என்ற இசை நாடகத்தை ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்றே ஒரு முறை நடத்தினார்கள். இங்கிலாந்திலும் இவ்விதக் காட்சிகள் பெருகின. கிறிஸ்டோபரின் நாடகத்துக்கும் அவை நடத்தப்பட்டன. அங்கே விளக்குகளை முழுவதும் அணைப்பதில்லை. திடுக்கிடச் செய்யும் ஒலிகளைக் குறைக்கிறார்கள். எழுந்து நடக்கலாம், சத்தமிடலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம், ஒருவரும் முறைப்பதில்லை. அமைதியாக அமர ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே படங்களோடு குடும்பத்துக்கு அனுப்புகிறார்கள்.

நாமும் செய்யலாம். நம்மிடத்தில் ஒரு நன்மை ஏற்கெனவே உண்டு: கைதட்டி, குதித்து, சத்தமிட்டுத் துதிக்கும் நம் ஆராதனையில் ஒரு பிள்ளை எழுந்து ஆடினாலும் ஓடினாலும் பெரிதாய்த் தெரியாது. ஆனால் ஒலிபெருக்கியின் சத்தம் அவனுக்குக் கூரான ஊசி. சிறிய மண்டபத்தில் பெரிய பெட்டிகளை வைத்து முழு வேகத்தில் முழக்குவது அவசியமா என்று பாடற்குழுவினர் யோசிக்கலாம். வாசலருகே ஒரு வரிசையை இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒதுக்கி, ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பாதிருக்கலாம். பக்கத்து அறையில் பாய் விரித்து, மெல்லிய சத்தத்தில் ஆராதனை கேட்கும்படி செய்யலாம். முதலில் பாடல், பிறகு ஜெபம், பிறகு பிரசங்கம், பிறகு வீடு என்று நான்கு படங்கள் வரைந்த ஒரு தாளை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை அவன் கையில் கொடுக்கலாம். பிரசங்கம் எப்போது முடியும் என்று அறிந்தால் பெரியவர்களுக்கும் ஆறுதல்தானே! கட்டித் தழுவாமல், கைகுலுக்கக் கட்டாயப்படுத்தாமல், தூரத்திலிருந்து புன்னகையோடு தோத்திரம் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் பெரிது ஆள் உதவி. மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைக்குப் பழகிய ஒரு சகோதரியோ சகோதரனோ அவனோடு வெளியே உட்கார்ந்திருந்தால், அந்தத் தாய் பல மாதங்களுக்குப்பின் ஒரு பிரசங்கத்தை முழுவதும் கேட்பாள். திருவிருந்தில் அமைதியாய்ப் பங்கெடுப்பாள். உடன்பிறந்த பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கவும் அவளுக்கு ஒரு கை கிடைக்கும். இதற்குப் பணம் தேவையில்லை, பெயர்ப்பலகை தேவையில்லை. பழகுவதற்கு முன் பொறுமையாய் அவனோடு சில வாரம் இருக்க மட்டும் மனம் வேண்டும்.

அவனுக்குப் பிடித்ததையும் கேட்டறியுங்கள். அந்த நாடகம் முடிந்து நடிகர்கள் வணங்கியபின், கிறிஸ்டோபர் மீண்டும் மேடைக்கு வந்து தனக்குப் பிரியமான ஒரு கணக்கை விளக்கிக் காட்டுவான். வீட்டுக்குப் புறப்பட எழுந்தவர்களும் நின்று கேட்டார்கள். நம் சபையிலுள்ள பிள்ளைக்கு ரயில் வண்டிகளின் எண்கள் பிரியமாயிருக்கலாம், ராஜாக்களின் வரிசை பிரியமாயிருக்கலாம், கீபோர்டின் ஒரே ஒரு ஸ்வரம் பிரியமாயிருக்கலாம். ஐந்து நிமிஷம் நின்று கேட்பது அவனை மதிப்பதாகும்.

பதில் சொல்லப்படாத கேள்வி

நாடகத்தின் முடிவில் கிறிஸ்டோபர் தன் ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்கிறான். தனியாக லண்டன் போனேன், தேர்வில் சிறப்பாகத் தேறினேன், ஆகவே இனி எதையும் என்னால் செய்ய முடியுமல்லவா என்பது அதன் கருத்து. அவள் பதில் சொல்லவில்லை. அவன் மறுபடியும் கேட்கிறான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பார்வையாளர் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த மௌனத்தைச் சுமக்கிறார்கள்.

நாமாயிருந்தால் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி, அல்லேலூயா என்று முடித்திருப்போம். வாக்குத்தத்தம் மெய்யானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பையனின் நாளைய தினம் கடினமானது என்பதை அந்த ஆசிரியை அறிந்திருந்தாள். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. நம்பிக்கையைக் கெடுக்கவும் மனமில்லை. அவள் ஓடிப்போகாமல் அருகிலே நின்றாள்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவனும் பேச்சுத் திக்கியவனுமான ஒருவனை ஆண்டவரிடத்தில் கொண்டுவந்து, அவன்மேல் கையை வைக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். ஆண்டவரோ முதலில் அவனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போனார். இரைச்சலும் கூட்டத்தின் கண்களும் இல்லாத இடத்தில், அவன் காதையும் நாவையும் தொட்டு, வார்த்தை கேளாதவனுக்கும் விளங்கும்படி சைகையால் பேசினார். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். அற்புதம் அதன்பின் வந்தது. அந்த மனிதனுக்கு என்ன தேவை என்று அறிந்து, அவனுடைய வழியிலே அவனிடத்தில் வந்த ஆண்டவர் அவர்.

இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது, நெடுநாளாக வராத ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை அடங்குவதில்லை, அதனால் வரவில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். ஆலோசனை சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது தாங்காது, சபைக்கு வந்தால் எங்கே உட்கார விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலியை நீங்களே போட்டு வையுங்கள். அவன் கத்தினால் திரும்பிப் பாராதிருங்கள்.

கர்த்தர் தாமே நம் சபைகளையும் குடும்பங்களையும் ஆசீர்வதித்து, அதட்டும் கூட்டமாயிராமல் அழைக்கும் கூட்டமாக நம்மை மாற்றுவாராக. ஆமென்.